ஒரே பாட்டு, இரண்டு ஒலிப்பதிவு – வாசகர் கேள்வி, ஒலிப்பதிவாளர் பதில்

வீட்டிலேயே பாட்டு ஒலிப்பதிவு செய்யப் பழகும் வாசகர்களுக்கு, பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒலிப்பதிவாளர் பதில் சொல்லும் பகுதி இது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரிஜினல் பாட்டையும் அதன் கவரையும் (அதே பாட்டை இன்னொருவர் மறுபடி செய்தது) ஒப்பிட்டுக் கேட்டுக் கற்பது பற்றியே இருந்ததால், அவற்றையே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: பகலில் மொபைல் கடையில் வேலை பார்க்கிறேன். லேப்டாப், ஹெட்போன், சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கிறது. ஈக்யூ (அலைவரிசைகளை ஏற்றி இறக்குவது), கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்குவது) என்றால் என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியும். குரலையும் வாத்தியங்களையும் கலக்கும் மிக்ஸில் உட்கார்ந்தால் எதை எவ்வளவு திருப்புவது என்று புரியவில்லை. ஒரிஜினலையும் கவரையும் மாற்றி மாற்றிக் கேள் என்று ஒரு அண்ணன் சொன்னார். கேட்டேன். 'இது நல்லா இருக்கு, அது சுமார்' என்பதைத் தாண்டி ஒன்றும் தோன்றவில்லை. எப்படித்தான் கேட்பது?
– வாசகர், வியாசர்பாடி

தம்பி, அந்த அண்ணன் காட்டியது நல்ல வழி. ஒரு பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், அதில் இருப்பதெல்லாம் அப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று தோன்றிவிடும். அதே மெட்டை இன்னொருவர் செய்ததைப் போட்டுப் பார்த்தால்தான் 'அட, இதை இப்படியும் செய்யலாமா' என்று உறைக்கும். மெட்டு அதேதான், வரிகள் அதேதான். அப்படியானால் மாறியிருப்பது எல்லாமே யாரோ ஒருவர் யோசித்து எடுத்த முடிவு. அந்த முடிவுகளைத் தேடுங்கள். எது நல்லது என்ற தீர்ப்பை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அதைச் சொல்ல ஆரம்பித்ததும் காது கேட்பதை நிறுத்திவிடுகிறது.

நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. மெல்லிசைக் குழுவில் வாசித்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் தொழில் கற்றார்கள். நானும் அங்கிருந்து வந்தவன்தான். கேசட்டைப் போட்டு, நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி போட்டு 'பாட்டு எடுப்போம்'. சினிமாவில் ஒரு பெரிய வயலின் கூட்டமே வாசித்த இடையிசையை, கொருக்குப்பேட்டைத் திருவிழா மேடையில் ஒரே கீபோர்டில் கொண்டுவர வேண்டும். எதை விட்டாலும் ஜனம் கவனிக்காது, எந்த ஒரு வரியை விட்டால் 'பாட்டே வேற மாதிரி இருக்கே' என்று முகம் சுளிக்கும் என்பதெல்லாம் அப்போது பழகியது. இன்றைக்கும் ஒரு மிக்ஸில் எதை முன்னால் வைப்பது என்று முடிவெடுக்க எனக்கு அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கிறது.

இப்போது செய்முறை. முதல் வேலை, இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்துவது. இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் மற்றது எல்லாம் வீண். சத்தம் கொஞ்சம் கூடினாலே பேஸும் (கீழ் ஒலி) ட்ரெபிளும் (மேல் ஒலி) நம் காதுக்கு நிறைவாகக் கேட்கும். குறைந்தால் அவைதான் முதலில் ஒடுங்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே அளந்து வெளியிட்ட விஷயம் இது. அதனால் ஒரு டெசிபல், இரண்டு டெசிபல் கூடுதலாக ஒலிக்கிற பாட்டு 'நல்ல மிக்ஸ்' போலத் தோன்றிவிடும். உங்களுக்கு 'சுமார்' என்று பட்டது வெறும் சத்தக் குறைவாகக்கூட இருக்கலாம்.

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதில் இரண்டு பாட்டையும் இரண்டு ட்ராக்கில் போடுங்கள். யூலீன் லவுட்னஸ் மீட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. பாட்டு முழுவதற்குமான எல்.யு.எஃப்.எஸ் (காதுக்குப் படும் சத்தத்தின் அளவு) கணக்கைப் பாருங்கள். பழையது −16, புதியது −9 என்று காட்டினால் புதியதை 7 டெசிபல் இறக்குங்கள். பெரும்பாலும் புதியதைத்தான் இறக்க வேண்டியிருக்கும். இறக்கிய பிறகு கேட்டால் 'பிரமாதம்' என்று நினைத்தது கொஞ்சம் தட்டையாகவும், பழையது மூச்சு விடுவது போலவும் தெரிய வாய்ப்பு உண்டு. தெரியாமலும் போகலாம். எப்படியானாலும் அதுதான் நேர்மையான ஒப்பீடு.

அடுத்தது, ஒரு தடவை கேட்கும்போது ஒரே ஒரு விஷயத்தைத்தான் கவனிப்பது. எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் டி.எம்.சௌந்தரராஜன் பாடிய 'பொன்மகள் வந்தாள்' 1970-ல் 'சொர்க்கம்' படத்தில் வந்தது. அதையே ஏ.ஆர்.ரஹ்மான் 2007-ல் 'அழகிய தமிழ்மகன்' படத்துக்கு மறுபடி செய்தார். இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை குரலை மட்டும் கேளுங்கள். பழையதில் குரல்தான் ராஜா. அது வரும்போது வாத்தியங்கள் ஒதுங்கி வழிவிடும், அது நின்றதும் முன்னால் வரும். இந்த ஒதுங்கலைப் பாதிக்கு மேல் செய்தவர் வாத்தியங்களுக்கு நோட்ஸ் எழுதியவர், சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரைப் பிடித்தவர் அல்ல. புதியதில் தாளமும் பேஸும் ராப்பும் குரலோடு சரிசமமாக நிற்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் முன்னால் நிற்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் அலைவரிசையில் தனி இடம் செதுக்கியாக வேண்டும். ஈக்யூ எதற்கு என்பதை எந்தப் பாடமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

இரண்டாவது தடவை அடிப்பகுதி, அதாவது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே. ட்ராக்கில் ஒரு லோ பாஸ் ஃபில்டர் போட்டு அதற்கு மேலே இருப்பதை வெட்டிவிட்டுக் கேளுங்கள். பழைய திரைப்பாடலில் அங்கே மிகக் கொஞ்சமே இருக்கும். அன்றைய தியேட்டர் ஒலித்தடமும் வால்வு ரேடியோவும் அதைவிட அதிக பேஸைத் தாங்காது. புதியதில் கிக் டிரம்மும் பேஸும் அங்கேதான் குடியிருக்கின்றன.

மூன்றாவது, காலப்பிரமாணம். பழையதன் முதல் அடியை ரீப்பரின் கட்டத்தில் (திரையில் அடிகளைக் காட்டும் கோடுகள்) சரியாக உட்கார வைத்து, பாட்டோடு சேர்த்துத் தட்டி அதன் வேகத்தைக் கண்டுபிடித்து, சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோமை ஓடவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் பாட்டும் மெட்ரோனோமும் பிரிய ஆரம்பிக்கும். கூடத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்து வாசித்தது அது. கணினியில் கட்டிய தாளம் கடைசிவரை கட்டத்திலேயே நிற்கும். பிரிகிற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சரணத்தில் பின்னால் சாய்கிறார்களா, பல்லவிக்குத் திரும்பும்போது ஓடுகிறார்களா? எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான்.

நான்காவது, அகலம். பாட்டின் இடது, வலது சேனல்களில் ஒன்றின் ஃபேஸைத் திருப்பிவிட்டு (ஒலி அலையைத் தலைகீழாக்கி) இரண்டையும் மோனோவாக, அதாவது ஒரே சேனலாகக் கூட்டுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருப்பதெல்லாம் ஒன்றையொன்று தின்றுவிடும். அந்தக் காலப் பாடல்கள் பெரும்பாலும் மோனோ என்பதால் ஏறக்குறைய மொத்தமும் மறைந்துபோகும். மறையவில்லை என்றால் பெரும்பாலும் மறுவெளியீட்டில் யாரோ செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கியிருக்கிறார்கள். புதிய பாட்டில் நடுவே நிற்கும் குரலும் கிக்கும் பேஸும் போய், ஓரத்தில் வைத்தவை மட்டும் மிஞ்சும். கூடவே குரலின் ரிவெர்ப் (குரலுக்குப் பின் நீளும் எதிரொலி) தனியாக மிதக்கும். எவ்வளவு நீளம், எவ்வளவு பளபளப்பு என்று அப்போது அளந்துகொள்ளலாம்.

சுருதியையும் பாருங்கள். கவரில் ஒரு கட்டை, அரைக் கட்டை ஏற்றியோ இறக்கியோ இருப்பார்கள். அது ஏன் என்று பாடகரின் உச்ச ஸ்வரத்தைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

கடைசியாக, கேட்டதைச் செய்து பாருங்கள். முழுப் பாட்டு வேண்டாம், எட்டு பார் (தாளச் சுற்று) போதும். முதலில் பழையதைப் போல, பிறகு புதியதைப் போல. கேட்பது கண்டுபிடிக்கிறவரைக்கும்தான், கைக்கு வருவது செய்யும்போதுதான்.

கேள்வி: குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியாகப் பிரித்துத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை இந்தப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா?
– கல்லூரி மாணவி, எம்.கே.பி. நகர்

பயன்படுத்தலாம், அளவோடு. டீசர் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஸ்ப்ளீட்டரும் மெட்டாவின் டீமக்ஸும் இலவசம். பேஸ் கிதார் என்ன ஸ்வரம் வாசிக்கிறது, பின்னணியில் எத்தனை குரல் என்று கண்டுபிடிக்க அருமையான உதவி. ஆனால் பிரித்த குரலைக் கேட்டு 'ரிவெர்ப் இவ்வளவுதான் போட்டிருக்கிறார்கள்', 'எஸ் ஒலியை இப்படி அடக்கியிருக்கிறார்கள்' என்று முடிவு கட்டாதீர்கள். பிரிக்கும்போது ரிவெர்ப்பின் வால் பாதி வாத்தியத்தோடு போய்விடும். சிம்பல் இருந்த இடத்தில் குரல் தண்ணீருக்குள் கேட்பதுபோல் ஆகும். முதலில் பிரிக்காமல் கேட்டு எழுதுங்கள், அப்புறம் பிரித்துச் சரிபாருங்கள். முதலிலேயே பிரித்துவிட்டால் காதுக்கு வேலையே இல்லாமல் போகிறது.

கேள்வி: என் மாமா பாடிய கானாவை ஒரு துக்க வீட்டில் போனில் பதிவு செய்திருந்தேன். அதையே அவரை வைத்து மறுபடி செய்தேன்: நல்ல மைக், டோலக் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பதிவுத் துண்டு), கீபோர்டு, சுருதியைத் திருத்தும் ஆட்டோடியூன். வீட்டில் எல்லோரும் போனில் இருப்பதுதான் உயிரோடு இருக்கிறது என்கிறார்கள். எங்கே தப்பு?
– வாசகர், காசிமேடு

உங்கள் வீட்டார் சொல்வதை நம்புங்கள். நீங்கள் அனுப்பிய இரண்டையும் சத்தம் சமப்படுத்திக் கேட்டேன். போன் பதிவில் பேஸ் இல்லை, பக்கத்தில் பேச்சு கேட்கிறது, உச்சத்தில் குரல் பிளக்கிறது. அதெல்லாம் இருந்தும் அதுதான் ஜெயிக்கிறது. காரணம் பெரும்பாலும் டோலக்கில் இருக்கிறது.

டோலக்கின் இடப்பக்கத் தோலுக்கு உள்ளே மசாலா என்ற பசை பூசியிருக்கும். வாசிப்பவர் அடித்த கையை எடுக்காமல் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தித் தேய்க்கும்போது 'தூம்' என்ற ஒலி 'தூவ்வ்ம்' என்று மேலே வளைந்து ஏறும். உங்கள் மாமா ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் டோலக்காரர் அந்த வளைவைப் போடுகிறார், கவனித்தீர்களா? ஒருவர் துக்கத்தைச் சொல்ல இன்னொருவர் 'ஆமாம்' என்று முனகுவதுபோல் இருக்கிறது. வரி நீண்டால் அவரும் காத்திருக்கிறார். லூப்புக்குக் காத்திருக்கத் தெரியாது. அது நான்கு பாருக்கு ஒருமுறை, குரல் எங்கே இருந்தாலும் தன் வளைவைப் போட்டுவிட்டுப் போகிறது. மாமாவும் அதைத் துரத்திக்கொண்டு பாடியிருக்கிறார்; இரண்டாவது சரணத்தில் வார்த்தைகளை விழுங்குவதிலேயே தெரிகிறது.

ஆட்டோடியூனை எடுத்துவிடுங்கள். கானாவில் ஸ்வரத்துக்குக் கீழிருந்து இழுத்து ஏறுவதுதான் பாட்டு. அதை நேராக்கினால் மெட்டு மட்டும்தான் மிஞ்சும். 2006-ல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடிய 'வாள மீனுக்கும்' பாட்டைக் கேளுங்கள். சினிமா ஒலிப்பதிவுதான், ஆனாலும் அந்தப் பேச்சுவாடையும் இழுப்பும் அப்படியே இருப்பதால்தான் ஊரே பாடியது.

மறுபடி செய்யுங்கள். டோலக்காரரை நேரில் உட்கார வையுங்கள், மாமாவுக்கு எதிரே, முகம் தெரிகிற தூரத்தில். டோலக்குக்கு இரண்டு மைக். இடப்பக்க மைக்கை ஒரு சாண் தள்ளி வையுங்கள், ஒட்டி வைத்தால் வளைவு கேட்காமல் வெறும் முழக்கம்தான் கிடைக்கும். மெட்ரோனோம் வேண்டாம். கூடப் பாடுகிறவர்களை ஒரே மைக்கைச் சுற்றி அரைவட்டமாக நிற்க வையுங்கள், தனித்தனியாக எடுக்காதீர்கள். டோலக் ஒலி மாமாவின் மைக்கில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஏறட்டும். போன் பதிவை மிக்ஸ் முடியும்வரை பக்கத்து ட்ராக்கிலேயே வைத்திருங்கள். இந்தப் பாட்டுக்கு ஒரிஜினல் அதுதான்.

கேள்வி: தாத்தா ரயில்வேயில் இருந்தவர், பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களோடு பழகி ஆங்கிலப் பாட்டில் ஊறியவர். அவருடைய பழைய ரெக்கார்டுகளோடு வளர்ந்தவன் நான். ஒப்பிட்டுக் கேட்க ஆங்கிலப் பாடல்கள் சொல்லுங்களேன்.
– வாசகர், பெரம்பூர்

இரண்டே பாட்டு சொல்கிறேன், இரண்டும் நீண்ட நாளுக்குத் தாங்கும்.

'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'. 1961-ல் டாப் நோட்ஸ் குழுவை வைத்து ஃபில் ஸ்பெக்டர் தயாரித்தார், எடுபடவில்லை. பாட்டை எழுதியவர்களில் ஒருவரான பெர்ட் பெர்ன்ஸுக்கு அந்த ஒலிப்பதிவு பிடிக்கவே இல்லை. 1962-ல் ஐஸ்லி பிரதர்ஸை வைத்துத் தானே தயாரித்தார், பெரிய ஹிட். பிறகு பீட்டில்ஸ். 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பாடி முடித்து, இரவில் கடைசியாக எடுத்தது இது. ஜான் லெனனுக்கு ஜலதோஷம், தொண்டை கிட்டத்தட்டப் போய்விட்டது. முதல் டேக்கையே வைத்துக்கொண்டார்கள். மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள். நடுவில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கத்தலில் முடியும் இடம் ஐஸ்லியிலும் பீட்டில்ஸிலும் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அதற்கு முன்னால் வாத்தியங்கள் எவ்வளவு சும்மா இருக்கின்றன என்று பாருங்கள். லெனனின் கிழிந்த குரலை இன்றைக்கு யாராவது சுத்தம் செய்து கொடுத்தால் பாட்டே போய்விடும்.

இன்னொன்று 'ரெஸ்பெக்ட்'. ஓட்டிஸ் ரெட்டிங் எழுதி 1965-ல் பாடியது. அரீத்தா ஃபிராங்க்ளின் 1967-ல் பாடினார். ஆண் கேட்ட மரியாதையைப் பெண் திருப்பிக் கேட்கிறார், அதற்காக ஒலிப்பதிவே மாறுகிறது. அந்த வார்த்தையை எழுத்து எழுத்தாகச் சொல்லும் பகுதி ஒரிஜினலில் இல்லை. பின்குரல்களில் அவருடைய சகோதரிகள் சேர்ந்து பதில் கொடுக்கிறார்கள். கிங் கர்ட்டிஸ் வாசிக்கும் சாக்ஸஃபோன் பகுதிக்கு வேறொரு பாட்டின் கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) கொண்டுவந்து பொருத்தினார்கள். கவர் செய்வது என்றால் உடையை மாற்றுவது என்று நினைக்கும் எல்லோரும் இதைக் கேட்க வேண்டும்.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். கேட்டால் 'படிக்கிறேன்' என்கிறான். இது படிப்பா ஐயா?
– குடும்பத் தலைவி, தண்டையார்பேட்டை

அம்மா, படிப்பாக இருக்கலாம். தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். 'இந்தப் பாட்டில் புதுசா என்ன கண்டுபிடிச்ச, எனக்கும் காட்டு' என்று கேட்டு ஒரு பக்கத்து ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். அவன் ஓர் இடத்தை நிறுத்தி 'இங்க கேளும்மா, இந்த வயலின் இப்பதான் உள்ள வருது' என்று காட்டினால் பையன் நிச்சயம் படிக்கிறான். குறிப்பு எழுதிய நோட்டு இருந்தால் இன்னும் நல்லது. விருப்பம் உறுதியாக இருந்தால், தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒலிப்பதிவுக்கென்றே நான்கு ஆண்டு பட்டப்படிப்பு இருக்கிறது. அரசுக் கல்லூரி. விண்ணப்பம் எப்போது என்று விசாரித்து வையுங்கள். விலை உயர்ந்த ஸ்பீக்கர் கேட்டால் இப்போது வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம். ஹெட்போன் சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் உங்களுக்குப் பாட்டு புரிகிற அளவுக்கு வெளியே கேட்டால் அது அதிகம். காது போனால் இந்தத் தொழிலில் வேறு முதலீடு கிடையாது.

கேள்வி: பயிற்சிக்காகச் செய்த கவரை யூடியூபில் போடலாமா?
– வாசகர், மூலக்கடை

வீட்டில் பழகுவதற்காகச் செய்து நீங்களே கேட்பது வேறு, வெளியிடுவது வேறு. வெளியிட்டால் இரண்டு உரிமைகள் குறுக்கே வரும்: மெட்டு, வரிகளின் உரிமை ஒன்று, ஒரிஜினல் ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. ஒரிஜினலிலிருந்து பிரித்தெடுத்த துண்டு எதையும் சேர்க்காமல் முழுக்க நீங்களே வாசித்திருந்தாலும் முதல் உரிமை அப்படியே நிற்கும். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 31சி பிரிவு கவருக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. முதல் ஒலிப்பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும், முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். பழகுகிறவருக்குக் கட்டுப்படியாகாது. யூடியூபில் உரிமையாளர் நினைத்தால் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், வீடியோவை முடக்கவும் செய்யலாம். அனுமதி வாங்கிப் போடுங்கள். இல்லையென்றால் கணினியிலேயே இருக்கட்டும். அங்கேயும் அது உங்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி: எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையை ஒட்டி வீடு. ராத்திரி முழுக்க கன்டெய்னர் லாரி. நான் செய்யும் மிக்ஸ் எல்லாம் மற்ற இடத்தில் போட்டால் பேஸ் குப்பென்று ஏறி நிற்கிறது. வீட்டை மாற்றவா முடியும்?
– வாசகர், திருவொற்றியூர்

மாற்ற வேண்டாம். லாரியின் உறுமலில் பெரும்பகுதி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே. அது சுவரைத் தாண்டி வரும், ஹெட்போனையும் தாண்டி வரும். உங்கள் பேஸ் அதற்குள் மூழ்கிவிடுவதால் 'பத்தவில்லை' என்று ஏற்றிக்கொண்டே போகிறீர்கள். இங்கேயும் ஒப்பிடுவதுதான் மருந்து. நீங்கள் கவர் செய்யும் பாட்டின் ஒரிஜினலை, சத்தம் சமப்படுத்தி, மிக்ஸுக்குப் பக்கத்திலேயே ஒரு ட்ராக்கில் வைத்திருங்கள். பேஸ் ஃபேடரைத் தொடும் முன் ஒரிஜினலுக்குத் தாவிக் கேளுங்கள். அதிலும் பேஸ் இல்லாததுபோல் கேட்டால் குறை உங்கள் மிக்ஸில் இல்லை, வெளியே லாரி போகிறது, கையை எடுத்துவிடுங்கள். எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்று படமாகக் காட்டும் ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசரில் இரண்டின் அடிப்பகுதியையும் கண்ணாலும் ஒப்பிடுங்கள். வாக்ஸெங்கோ ஸ்பான் இலவசம். அப்புறம் போன் ஸ்பீக்கரில் போடுங்கள். அதில் அடி பேஸ் கேட்கவே கேட்காது. ஒரிஜினலின் பேஸ் வரி அதிலும் புரிகிறது, உங்களுடையது மட்டும் காணாமல் போகிறது என்றால் பேஸ் கிதாரின் அடியை ஏற்றாமல் 700 ஹெர்ட்ஸிலிருந்து 1,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் கொஞ்சம் தூக்குங்கள். குரல் பதிவை மட்டும் லாரி குறைகிற ஞாயிற்றுக்கிழமை காலைக்கு வைத்துக்கொண்டு, மைக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ கட் போட்டுவிடுங்கள்.